ஐயாவும் ஐயோவும்

ஒரே சப்தத்துக்கு இரண்டு மூன்று விதமான எழுத்துக்கூட்டல்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் சம்பந்தா சம்பந்தமில்லாத ஓர் அர்த்தத்தையும் கற்பித்து, எதை எவ்விடத்தில் எழுதுவது என்கிற விவேகத்தை மட்டும் படிக்கிற பிள்ளையின் தலையெழுத்துக்கு விட்டுவிட்ட ஆங்கில பாஷையின் கர்த்தாக்கள், அந்தக் காரியத்தைச் செய்தபோது, ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் நீண்டு கிடக்கிற எங்கள் பிரதேசத்தின் ஜனங்களை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை என்பது நிச்சயம். மற்ற ஊர்களுக்கு ஆங்கிலம் பள்ளிக்கூட வாசல் வழியாக, ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகமும் பிரம்பும் சகிதமாக வந்து சேர்ந்தது. எங்களுக்கோ அது கப்பலிலிருந்து சரக்கோடு சரக்காக இறங்கிற்று. விஞ்ச், கிரேன், ஸ்லிங், ஹாட்ச், டெமரேஜ், அவுட்பாஸ் முதலிய பதங்களை எங்கள் முன்னோர்கள் முதுகிலே சுமந்து கரை சேர்த்தார்களேயன்றி, அவற்றின் ஸ்பெல்லிங்கைச் சரிபார்த்து ரசீது எழுதிக் கொடுத்தவர்கள் அல்லர். பொருளைக் கண்ணாலும் தோளாலும் முதலில் அறிந்து, பெயரைக் காதால் வாங்கி, எழுத்தைப் பற்றிய கவலையைப் பேரன் காலத்துக்கு ஒத்திவைப்பது எங்கள் சம்பிரதாயம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ராயபுரம் என்கிற பெயர் ராயப்பரிடமிருந்து வந்தது; கத்தோலிக்கத் தமிழில் ராயப்பர் என்றால் பீட்டர். அவர் பெயரால் படகோட்டிகளின் குலத்தார் போற்றி வந்த தேவாலயம் இன்றைக்கும் எங்கள் பேட்டையின் நடுவே நிற்கிறது. சென்னைப் பட்டணத்தில் எவனாவது தேவையில்லாத இடத்தில் ஆங்கிலத்தைப் பொழிந்தால் ‘பீட்டர் விடுகிறான்’ என்று சொல்வது வழக்கமல்லவா? பீட்டருக்கே பட்டா எழுதிக் கொடுத்த பேட்டையில் பீட்டர் விடுகிறவர்கள் அபூர்வமாகவும், அந்தத் தொழில் அடையாற்றுக்கு இரு கரையிலும் அமோகமாகவும் நடந்து வருவதைப் பார்க்கும்போது, பெயருக்கும் குணத்துக்கும் பொருத்தம் பார்ப்பது ஜாதகத்தோடு நின்றுவிட வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நானோ, துறைமுக வாசலை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்ஸியில் ஆங்கிலக் கடிதம் வரைவதையே ஜீவனோபாயமாகக் கொண்டு தலை நரைத்தவன். உத்தியோகம் என்னை விட்ட பிறகும் கடிதங்கள் என்னை விட்டபாடில்லை. தெருவில் எந்த வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு காகிதம் வந்தாலும், அது மறுநாள் விடிவதற்குள் என் திண்ணைக்கு வந்துவிடும். வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று, மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாவதற்கு முன்னர் அங்கே பழைய புத்தகக் கடையில் வாங்கிய, மயக்கம் தரும் ஆங்கிலச் சொற்களைப் பற்றிய கையேடு ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதை இயற்றிய பண்டிதர், கொரில்லா என்னும் வாலில்லாக் குரங்கையும் கெரில்லா என்னும் மறைந்து தாக்கும் போர்வீரனையும் ஒருக்காலும் மாற்றி எழுதிவிடலாகாது என்று மிகுந்த கவலையோடு எச்சரித்திருக்கிறார். இரண்டில் எதுவும் தண்டையார்ப்பேட்டைக்கு வடக்கே தென்பட்டதாகச் செய்தி இல்லை. பாலைவனமாகிய டெஸர்ட்டுக்கும், விருந்து முடிந்த பின் துரைமார் உண்ணும் தித்திப்பாகிய டெஸர்ட்டுக்கும் அவர் அரைப் பக்கம் செலவு செய்கிறார். எங்கள் தெருவில் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை பாக்கு. ஆகவே பண்டிதரின் வரிசையை நான் பின்பற்றுவதில்லை. பணமும் வழக்கும் பிள்ளைப்பேறும் சம்பந்தப்பட்ட இடத்தில் எந்தச் சொல் காலை வாருகிறதோ அதைப் பற்றியே நான் விசாரப்படுவது. ஏனைய சொற்களை யார் எப்படி எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது.

அவ்விதமான சொற்களில் தலைமைப் பீடம் பெயிலுக்கே உரியது. கல்மண்டபத்து டீக்கடையில் ஒரு மாலைப் பொழுதில், துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்ற என் அண்டை வீட்டுக்காரர், முகமெல்லாம் மலர்ச்சியாக, லட்டுப் பெட்டியும் கையுமாக வந்து சேர்ந்தார்.

“சார், பையனுக்குப் பெயில் ஆயிடுச்சி சார்! மொதல்ல நீங்க ஸ்வீட் எடுத்துக்கங்க.”

பிள்ளை பரீட்சையில் தவறியதற்கு லட்டு வழங்கும் தகப்பனாரை அதுவரைக்கும் நான் கண்டதில்லையாதலால், எடுத்த லட்டை வாயில் போடுவதா பெட்டியில் போடுவதா என்று தயங்கியபடியே, “எந்த சப்ஜெக்டிலே?” என்று விசாரித்தேன்.

“அடிதடியிலதான் சார். இருக்கறது அந்த ஒரு சப்ஜெக்டுதான்.”

பக்கத்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்த லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா, காதில் விழுந்த பதத்தைத் தம் தொழிலுக்குச் சொந்தமானதென்று எடுத்துக்கொண்டு, “எத்தினி பெயிலு அண்ணே?” என்று கேட்டார்.

“ரெண்டு நைனா. இவனுக்கு ஒண்ணு, இவன் கூட்டாளிக்கு ஒண்ணு.”

“வெறும் ரெண்டுதானா? அதுக்கு லாரி எதுக்கு, மீன்பாடி வண்டியிலயே ஏத்திக்கினு பூடலாமே!”

ஜாமீனில் வந்த பிள்ளையை மீன்பாடி வண்டியில் ஏற்றும் யோசனையைக் கேட்டு விஞ்ச்காரருக்கு ரௌத்திரம் பொங்கிற்று. நான் குறுக்கே விழுந்து, நீதிமன்றம் கொடுப்பது ஒரு பெயில், பஞ்சாலைக்காரர் கட்டுவது ஒரு பெயில், பள்ளிக்கூடத்தில் ஆவது ஒரு பெயில் என்று மூன்றையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டிய பின்னரே சமாதானம் உண்டாயிற்று. முதலாவது ஜாமீன், இரண்டாவது சிப்பம், மூன்றாவதற்கு விளக்கம் வேண்டியதில்லை. சிப்பத்தைப் ‘பேல்’ என்று திருத்தமாகச் சொல்கிறவர்களும், பரீட்சையை ஆய்த எழுத்துப் போட்டு ‘ஃபெயில்’ என்று ஊதிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றாலும், அவசரத்தில் வாய்க்கு வருவது எல்லாம் பெயில்தான். அதிலும் ஜாமீனும் சிப்பமும் துரைமார் வாயிலேயே ஒரே சப்தமாக ஒலிப்பவையாதலால், அந்தக் குழப்பத்துக்கு எங்களைக் குற்றம் சொல்ல நியாயமில்லை. தவிரவும், எங்கள் பட்டணத்தின் அமைப்பே அதற்கு அனுகூலமாக இருக்கிறது. ஒரு பக்கம் சிப்பம் இறங்கும் துறைமுகம். கூப்பிடு தூரத்தில், 1892-இல் கட்டி முடித்த உயர் நீதிமன்றம். போதாக்குறைக்கு, கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கை 1894 முதல் 1977 வரை அந்த நீதிமன்றத்தின் கோபுரத்து உச்சியிலேயே ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரே விளக்கின் கீழே ஜாமீனும் சிப்பமும் ஜீவித்துவந்த ஊரில் இரண்டும் கலந்து போகாமல் எப்படியிருக்கும்?

எழுதும்போது இவற்றைப் பிரித்தறிய நானே ஓர் உபாயம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். ஜாமீனாகிய பெயிலின் நடுவில் ஐ என்கிற எழுத்து நிற்கிறது. நீதிபதியின் முன்னே ஒருவர் கைகட்டி நின்று ‘ஐயா’ என்று விண்ணப்பித்துக்கொண்டாலன்றி ஜாமீன் கிடைக்காது. பரீட்சையில் ஆகும் பெயிலின் நடுவிலும் ஐ உண்டு, அது ‘ஐயோ’. சிப்பமாகிய பேலின் நடுவில் ஐ கிடையாது. ஜடப்பொருளுக்காக ஐயா என்று கெஞ்சவோ ஐயோ என்று அலறவோ யாரும் இல்லாததால், எல்லுக்குப் பின்னால் ஓர் ஈயை ஒட்டிவைத்து அனுப்பிவிட்டார்கள். இந்த உபாயத்தைக் கேட்ட விஞ்ச்காரர், தம் பிள்ளைக்கு இரண்டு ஐயும் ஒருசேர வாய்த்திருப்பதாகச் சொல்லி இன்னொரு லட்டு கொடுத்தார்.

ஏ, ஈ, ஐ என்கிற இந்த மூன்று எழுத்துக்களைத் தமிழ்க் காதோடு கவனித்துக்கொண்டால், ஆங்கில மயக்கங்களில் செம்பாதி தெளிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். ஸ்டேஷனரி என்று இரண்டு உண்டு. அசையாமல் நிற்பது ஒன்று. காகிதம், பேனா, பென்சில் வகையறா இன்னொன்று. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றேயாகையால் நமக்குச் சிரமமில்லை; ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் கடைசியில் ஏ போடுவதா ஈ போடுவதா என்று கை நடுங்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு என்று வஞ்சனையாகப் பெயரிட்டிருக்கும் சாலையில், துறைமுகத்துக்குள் நுழைய முறை வராத கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக, டிரைவர் இறங்கிக் குளித்துச் சமைத்து உண்டு உறங்கி எழுந்த பிறகும் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்தவர்கள், “ஏ! எடுப்பா வண்டியை!” என்று கூவாமல் இருக்கமாட்டார்கள். அந்த ஏதான் அசையாததற்கு உரிய ஏ. அதே சாலையோரத்தில் பள்ளி விடுமுறைக் காலத்தில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவர் வியாபாரமின்றி ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். அது காகித ஸ்டேஷனரிக்கு உரிய ஈ. ஆதியில் இரண்டும் ஒரே குடும்பம்தான். ஊர் ஊராகத் திரிந்து விற்காமல், சர்வகலாசாலைகளின் பக்கத்தில் ஒரே இடத்தில் நிலையாகக் கடை போட்ட புத்தக வியாபாரிகளை ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் ‘நிலைத்தவர்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். அதிலிருந்தே அவர்கள் விற்ற காகிதமும் பெயர் பெற்றது. ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளுக்குள் ஒரு முகூர்த்த மாதத்தில் நுழைந்து பார்த்தால், கலியாணப் பத்திரிகைக் கூட்டத்தில் நாமும் நகர முடியாமல் நிற்க, இரண்டு அர்த்தமும் மறுபடி ஒன்றுகூடிவிடும்.

பெர்த் என்பதும் அவ்வாறே. கப்பல் வந்து அணையும் இடம் ஒரு பெர்த். குழந்தை பிறப்பது இன்னொரு பெர்த். கப்பலுக்கு ஈ, குழந்தைக்கு ஐ. ஐயிரண்டு மாதம் சுமந்து பெறுவதற்கு ஐ என்று நான் சொல்லிக்கொடுப்பது வழக்கம். தாயை நினைந்து உருகிப் பாடிய பட்டினத்தார் சமாதி கொண்ட திருவொற்றியூர் பக்கத்திலேயே இருப்பதால், இந்த உபாயம் எங்கள் பிள்ளைகளுக்கு மறப்பதில்லை. பிறப்பு என்றதும் எங்கள் பேட்டைக்கு ஞாபகம் வருவது ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி. ராஜா சர் ராமசாமி முதலியார் லையிங்-இன் ஆஸ்பத்திரி என்பது அதன் முழு நாமதேயம். பள்ளிக்கூடத்தில் ‘லை’ என்றால் பொய் என்று அன்றைக்குத்தான் பாடம் கேட்டுவந்த என் பேரன் அந்தப் பலகையைப் படித்துவிட்டு, “பொய் சொல்றவங்களுக்குத் தனி ஆஸ்பத்திரியா தாத்தா?” என்று கேட்டான். படுத்திருப்பதும் லை, பொய் சொல்வதும் லை, பிரசவத்துக்குப் படுப்பது லையிங்-இன் என்று விளக்கினேன். படுத்திருப்பதற்கு இறந்த காலம் ‘லே’. ஒன்றைக் கீழே வைப்பதற்கும் கோழி முட்டையிடுவதற்கும் நிகழ்காலமே ‘லே’, இறந்த காலம் ‘லெய்ட்’. பொய் சொன்னதற்கு ‘லைட்’. இதைக் கேட்டுக்கொண்டிருந்த பேரன், மனிதர் பிரசவிக்க லை, கோழி பிரசவிக்க லேயா என்று ஒரு கேள்வி போட்டான். அதற்கு அவன் பாட்டிதான் பதில் சொன்னாள்: “கோழி பொய் சொல்லாதுடா.”

அஃபெக்ட், எஃபெக்ட் என்னும் இரட்டையர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், என் பழைய முதலாளிக்கு நான் துரோகம் செய்தவனாவேன். முதலாவது, ஒன்றைத் தாக்கி மாறுதல் உண்டாக்குவது. கடலோர உப்புக்காற்று எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை அஃபெக்ட் செய்கிறது. இரண்டாவது, அதனால் விளைந்த பலன். உதிரும் துரு அதன் எஃபெக்ட். ஏவுவது ஏ, ஈன்றது ஈ என்று வைத்துக்கொண்டால் போதும். ஆனால் கிளியரிங் உத்தியோகத்தில் இரண்டாவதையும் வினையாக்கி, ‘டெலிவரியை எஃபெக்ட் செய்க’ என்று எழுதுவது மரபு. காரியத்தை ஈன்றெடுத்துக் கையில் கொடு என்பது தாத்பரியம். முதலாளியின் மைத்துனர் மகன், காலேஜ் முடித்துவிட்டு வந்த சூட்டில், நான் லீவில் இருந்த சமயம் பார்த்து, ஒரு கிடங்குக்குத் தாமே கடிதம் வரைந்தார். இயந்திர உதிரிப்பாகங்கள் கிடங்கில் கிடந்தன. இலவச நாட்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் தலைமேல் தொங்கிற்று. தம்பி எழுதினார்: “மேற்படி சரக்கின் டெலிவரியை இனியும் தாமதியாமல் உடனே அஃபெக்ட் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.”

கிடங்கின் சூப்பரின்டென்டென்ட் ராயபுரத்து ஆங்கிலோ-இந்தியக் கனவான். தம் வாழ்நாளில் ஒரு காற்புள்ளியைக்கூட அநாதையாக விட்டவரல்லர். அவரிடமிருந்து இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. தங்கள் கடிதம் கிடைத்தது என்றும், தங்கள் சரக்கின் டெலிவரியை, தாங்கள் கோருவதற்கு முன்னரே, இருக்கிற ஆட்களையும் ஒரே கிரேனையும் கொண்டு எங்களால் இயன்றமட்டும் அஃபெக்ட் செய்தாகிவிட்டது என்றும், இன்னும் கூடுதலாக அஃபெக்ட் செய்ய வேண்டுமாயின் மழைக்காலம் வரை காத்திருக்கும்படியும் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். தம்பி அதைத் தமக்குக் கிடைத்த சாதகமான பதில் என்று முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டியதும், முதலாளி அதை ஃபைலில் வைக்கச் சொன்னதும், டெமரேஜ் கட்டியதும் வரிசையாக நிகழ்ந்தன. நான் லீவு முடிந்து வந்தபோது அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, அதை எழுதிய கனவானுக்கு மனசுக்குள்ளேயே ஒரு நமஸ்காரம் செய்தேன்.

பிரின்ஸிபல் விஷயம் இதைவிட நயமானது. காலடிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு மூதாட்டி, நகையை ஈட்டு வைத்த இடத்திலிருந்து வந்த நோட்டீஸை என் கையில் கொடுத்து, பேரன் வாசித்துச் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். “பிரின்சிபாலு வெளிய நின்னுகினு கீறாராமே சார்! எந்த இஸ்கோலு? எதுக்கு நிக்கிறாரு? இவன் இன்னா பண்ணித் தொலைச்சான்?” நோட்டீஸில் கண்டிருந்தது, ‘பிரின்ஸிபல் அவுட்ஸ்டாண்டிங்’ என்று இவ்வளவுதான், அசல் பாக்கி நிற்கிறது என்பது பொருள். பேரனின் மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லும் விடுபடவில்லை. காசு மட்டும் விடுபட்டுப்போயிற்று. ஒற்றி என்றால் அடமானம் என்றும் பொருள்படுகிற ஒற்றியூருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு அசலைத் தெரியாமல் இருக்கலாமா என்று நான் கேட்டதை அவள் ரசிக்கவில்லை.

இந்தச் சொல்லுக்கு இரண்டு ஸ்பெல்லிங். ஏ-எல் என்று முடிவது ஒன்று, எல்-ஈ என்று முடிவது மற்றொன்று. ஆங்கிலேய வாத்தியார்கள் இதற்குச் சொல்லும் சூத்திரங்கள் எல்லாம் நமக்கு ஒத்துவாரா. தமிழனுக்குத் தமிழிலேயே வழி இருக்கிறது. எங்கெங்கே ‘முதல்’ என்று சொல்ல முடிகிறதோ அங்கெல்லாம் ஏ-எல். கல்லூரியின் முதல்வர், வட்டிக்கு ஆதாரமான முதல், ஏஜென்டை ஏவும் முதலாளி, கதையின் முதன்மைப் பாத்திரம், ஆகிய அனைவரும் ஏ-எல் வகுப்பைச் சேர்ந்தவர்கள். கொள்கை, நெறி, தத்துவம் என்று முதலீடு இல்லாமல் பேசப்படுபவை எல்-ஈ. முதல் உள்ளவன் ஒரு ஜாதி, கொள்கை உள்ளவன் வேறு ஜாதி என்பதை ஆங்கிலேயனும் கண்டுகொண்டே இரண்டையும் தனித்தனியாக எழுதினான் போலும். சொல்லை அளந்து பேசாமல் திருவொற்றியூரில் அகப்பட்டுக்கொண்டவர்களில் முதல்வர் சுந்தரமூர்த்தி நாயனார். மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்வதாக ஏற்பாடு செய்து, அந்த நேரத்துக்குச் சுவாமியை மகிழமரத்தடிக்குப் போய் இருக்கும்படி அவர் முன்னதாகவே கேட்டுக்கொண்டிருக்க, சத்தியத்தை மகிழமரத்தடியிலேயே செய்யும்படி பெண்ணின் தோழியர் கேட்டார்கள். பிறகு சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருடைய கண் போயிற்று. ஒப்பந்தத்தில் இடம் பற்றிய ஷரத்தை இருமுறை வாசிக்க வேண்டும் என்பதற்கு எங்கள் ஆபீசில் நான் காட்டிய பழைய மேற்கோள் அதுவே.

அட்வைஸ் என்னும் சொல்லில் பெயருக்குச் சி, வினைக்கு எஸ். பெயரின் முடிவு வன்மையாகவும் வினையின் முடிவு மென்மையாக அதிர்ந்தும் ஒலிக்கும். தமிழன் இதற்கு மலைக்கவே கூடாது. நாம் பாடு என்று மெல்லச் சொல்லிப் பாட்டு என்று வலிக்கச் சொல்கிறோம், எழுது என்று சொல்லி எழுத்து என்கிறோம். வினை மென்மை, பெயர் வன்மை. அவர்களுக்கும் அதே கணக்கு. லைசென்ஸ், பிராக்டிஸ் இரண்டிலும் காதுக்கு வித்தியாசம் தெரியாவிட்டாலும், இங்கிலாந்து வழக்கில் கைக்கு இதே சட்டம் செல்லும். காம்ப்ளிமென்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் ஐ இருப்பது பாராட்டும் உபசாரமும், ஈ இருப்பது நிறைவு செய்வது. ஒரு கப்பலுக்கு வேண்டிய முழு மாலுமித் தொகை ஈ. புத்தாண்டுக் காலண்டரில் உபசார வார்த்தைக்கு ஈ போட்டு அச்சடித்து வந்த வருஷம், வாடிக்கையாளருக்கெல்லாம் நாங்கள் மாலுமிகளை அன்பளிப்பாக அனுப்பியதாக ஆயிற்று. ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை.

தமிழ் எழுத்தில் க-வுக்கும் அதன் அதிர்கிற தம்பிக்கும் ஒரே வடிவம் என்பதால் விளைந்த விபரீதம் ஒன்றுண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், ராயபுரத்தில் கொடியில் உலர்த்திய வேட்டி மாலையில் கறுத்துவிடும். 2011-இல் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகு அந்தச் சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. அதற்கு முன்னால் தெருவார் கூடி எழுதிய மகஜர்கள் அனேகம். அவற்றுள் ஒன்றை நான் தமிழில் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் சென்டரில் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்த பையன் வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிறவன். ‘கோல் தூசி’ என்று நான் சொன்னது அவன் காதில் அவனுக்குப் பிரியமான கோலாகவே விழுந்தது. எங்கள் பேட்டையில் இரவு பகலாகக் கோல் விழுந்துகொண்டே இருப்பதால் முதியவர்களுக்கு மூச்சுத்திணறல் உண்டாகிறது என்றும், கோல் விழுவதை அரசாங்கம் உடனே தடுக்க வேண்டும் என்றும், எழுபது பேர் கையெழுத்தோடு அது போய்ச் சேர்ந்தது. விளையாட்டுத் துறைக்கு அனுப்பலாமா என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து ஓர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது.

இவ்வளவும் சொன்னபின், வழக்கில் எதிர்த்தரப்பையும் கூண்டில் ஏற்றாவிட்டால் நியாயமாகாது. துறைமுகத்துச் சுவரில், கப்பல் அணையும் மேடையைக் குறிப்பதும் ‘கீ’ என்று உச்சரிக்க வேண்டியதுமான சொல்லுக்குக் க்யூ, யூ, ஏ, ஒய் என்று நான்கு எழுத்தை வைத்தவர்கள் நாமல்ல. புதிதாக வேலைக்கு வந்த பையன் அதைக் ‘குவே’ என்று வாசித்தால், குவே என்று வாசிக்கும்படி எழுதியவனையல்லவா வைய வேண்டும்? காசிமேட்டுக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரத்தைக் கண்டு, அதைக் கேட்டமரான் என்று வாங்கிக்கொண்டு போன ஆங்கிலேயன், சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில், சண்டைக்காரப் பெண்மணிகளுக்கும் அதே பெயரைச் சூட்டினான். சொல்லின் தலையில் பூனை உட்கார்ந்திருப்பதாக அவன் காதுக்குப் பட்டது காரணமாயிருக்கலாம். இப்போதோ இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்கு அந்தப் பெயர். எங்கள் மீனவர் ஒருவரிடம் அதன் படத்தைக் காட்டி இதுதான் கட்டுமரம் என்று சொன்னபோது, யார் கட்டியது என்று கேட்டார். காசு என்கிற நம் நாணயத்தை எடுத்துக்கொண்டு, அது தங்களிடம் ஏற்கெனவே இருந்த, பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்த கேஷ் என்பதோடு ஒத்திருக்கக் கண்டு, இரண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங் போட்டார்கள். சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கும்பினியார் கணக்கெழுதிய பேரேடுகளில் எங்கே அந்தக் கேஷ், எங்கே இந்தக் கேஷ் என்று பிரித்தறிவதற்கு அவர்களுடைய வித்துவான்களே அகராதி தேட வேண்டியதாயிற்று. அந்த அகராதியை 1886-இல் வெளியிட்ட யூலும், சென்னை ஸிவில் சர்வீஸில் இருந்த பர்னலும், அதற்கு ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்று பெயர் வைத்தார்கள். மொஹரம் ஊர்வலத்தில் ஹஸன், ஹுஸைன் நாமங்களைச் சொல்லி எழுப்பும் புலம்பல் வெள்ளைச் சிப்பாயின் காதில் விழுந்த அலங்கோலம் அது. தங்கள் காதின் லட்சணத்தையே புத்தகத்துக்குத் தலைப்பாக்கிய நேர்மைக்காக அவ்விருவரையும் நான் மன்னித்துவிட்டேன்.

ஆங்கிலத்தில் பிள்ளை தவறிவிட்டது என்று திண்ணைக்கு வருகிற தகப்பன்மார்கள் எல்லாரும் கடைசியில் ராமானுஜன் பெயரை இழுக்காமல் போவதில்லை. குடந்தைக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேறாமல் ஸ்காலர்ஷிப்பைப் பறிகொடுத்தவர், 1912 மார்ச் 1-ஆம் தேதி, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எங்கள் துறைமுகத்துக் கணக்குப் பிரிவிலே குமாஸ்தாவாக அமர்ந்து, தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் ஆதரவையும் பெற்று, அடுத்த வருஷம் ஜனவரியில், வருஷத்துக்கு 20 பவுன் சம்பாதிக்கும் குமாஸ்தா என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு கேம்பிரிட்ஜிலுள்ள ஹார்டிக்குக் கடிதம் எழுதியது எல்லார்க்கும் தெரிந்த கதை. “ராமானுஜமே இங்கிலீஷ்ல பெயிலு சார்” என்றார் ஒரு தகப்பனார். கணக்கில் உங்கள் பிள்ளை எப்படி என்று கேட்டேன். “அதுலயும் பெயிலு. அந்த வகையில இவன் ரெண்டு ராமானுஜம்” என்றார்.

எங்கள் காதின் வேலையையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1717 முதல் 1720 வரை சென்னைக்குக் கவர்னராக இருந்த ஜோசப் கோலெட், திருவொற்றியூருக்குத் தெற்கே நெசவாளிகளுக்கென்று ஒரு பேட்டையை உண்டாக்கி, அதற்குத் தம் பெயரையே வைத்தார். கோலெட்பேட்டை என்று சொல்ல நெசவாளிகளுக்கு நாக்கு வளையவில்லையோ, மனம் வளையவில்லையோ, சிறிது சிறிதாக அது காலடிப்பேட்டை ஆயிற்று. கவர்னரின் திருநாமம் தேய்ந்து அவருடைய காலில் வந்து முடிந்தது. 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் வந்தபோது, அந்த நிலையத்துக்கும் காலடிப்பேட்டை என்றே பெரிய எழுத்தில் பலகை எழுதி மாட்டினார்கள், ஆங்கிலத்திலும் காலடிப்பேட்டைதான். ஸ்பெல்லிங் தவறென்று கோலெட் துரையின் வாரிசுகள் யாரும் இதுவரைக்கும் மகஜர் கொடுக்கவில்லை. கொடுப்பதாயிருந்தால் வரைந்து தர நான் சித்தமாயிருக்கிறேன். கம்ப்யூட்டர் சென்டரில் அடித்துத் தர அந்தப் பையனும் இருக்கிறான்.